அம்மா அனுப்பிய பார்சல் கஸ்டம்ஸில் நிற்கிறதா? பாறசாலை கவுண்ட்டரில் எழுதும் ஒரு தாள்தான் காரணமாக இருக்கலாம்

டிராக்கிங் பக்கத்தைத் திறக்கிறீர்கள். நாலு நாளாக அதே வரிதான்: சுங்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. உள்ளே இருப்பது ஒரு பாலராமபுரம் கைத்தறிச் சேலை, ஒரு கிலோ ஏத்தங்காய் சிப்ஸ், ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாய், அம்மா உட்கார்ந்து உருட்டிய முந்திரிக்கொத்து. இதில் தடுத்து வைக்க என்ன இருக்கிறது என்று எரிச்சல் வருவது இயல்புதான்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஊர்களிலிருந்து துபாய்க்கோ லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ போய், வீட்டிலிருந்து வரும் பார்சலுக்காகக் காத்திருப்பவர்களுக்காக இந்தக் கட்டுரை. நாகர்கோவிலிலிருந்தோ மதுரையிலிருந்தோ போனவர்களுக்கும் விதி ஒன்றுதான். சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடலாம். வெளிநாட்டுச் சுங்க அதிகாரி முதலில் பார்ப்பது உங்கள் பெட்டியை இல்லை, அதன்மேல் ஒட்டிய தாளை. அந்தத் தாள் ஊரில் தபால் நிலையக் கவுண்ட்டரில் அவசரமாக எழுதப்படுகிறது. அதை எழுத வேண்டியது அம்மா இல்லை. நீங்கள்.

ஏன் இந்த ஊர்களிலிருந்து தொடங்குகிறோம்?

கேரளா புலம்பெயர்வு ஆய்வு 2023-ன்படி, வெளிநாட்டில் வாழும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம் பேர். இதில் மாணவர்கள் மட்டும் சுமார் 2.5 லட்சம். 2018-ல் இருந்ததைப் போல இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே ஐந்து ஆண்டில் வளைகுடா நாடுகளின் பங்கு 89.2 சதவீதத்திலிருந்து 80.5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பார்சலுக்கு இதன் அர்த்தம் என்ன? அப்பா காலத்தில் 'கல்ஃப்' என்ற ஒரே விதி தெரிந்தால் போதும். இப்போது ஒரே வீட்டில் அண்ணன் ஷார்ஜா, தங்கை பர்மிங்ஹாம், சித்தப்பா மகன் ஜெர்மனி. மூன்று பேருக்கும் ஒரே மாதிரி பார்சல் கட்டினால் ஒன்று நேராகப் போகும், ஒன்றுக்கு வரி விழும், ஒன்றில் பாதிச் சாமான் குப்பைக்குப் போகும்.

இன்னொரு காரணம், இது எல்லை ஊர். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதனால் வீட்டில் தமிழ், கவுண்ட்டரில் மலையாளம், படிவத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவே ஒரு பார்சல் கிளம்புகிறது. பின்கோடும் அப்படித்தான். களியக்காவிளை 629153, தமிழ்நாடு அஞ்சல் வட்டம். சில நிமிடத் தூரத்தில் பாறசாலை 695502, கேரள அஞ்சல் வட்டம். அனுப்புநர் முகவரியில் ஊரும் பின்கோடும் பொருந்தாவிட்டால், திரும்பி வரும் பார்சல் வேறு மாநிலத்தைச் சுற்றிவிட்டு வரும்.

சுங்கம் எப்படி யோசிக்கிறது?

களியக்காவிளைச் சந்தையில் வாங்கிய சாமானை எல்லை தாண்டி பாறசாலைக்குக் கொண்டுவந்தால் இன்று யாரும் வரி கேட்பதில்லை. ஆனால் 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு, அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்தா லாரியை விட்டார்கள்? பில்லைப் பார்த்தார்கள். பில்லில் எழுதியதும் சரக்கும் ஒத்துப்போகாது என்று சந்தேகம் வந்தால்தான் மூட்டையில் கை வைப்பார்கள்.

நாட்டு எல்லையிலும் அதேதான். பார்சலுக்கான பில்லின் பெயர் சுங்க அறிவிப்புப் படிவம். அஞ்சல் வழியில் இது இரண்டு வகை. சிறு பொட்டலங்களுக்கு, மதிப்பு 300 எஸ்டிஆர் வரை இருந்தால் 'சிஎன் 22'. அதற்கு மேலான மதிப்புக்கும் பார்சல்களுக்கும் 'சிஎன் 23'. எஸ்டிஆர் என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. 1874-ல் தொடங்கிய, இன்று 192 நாடுகள் உறுப்பினராக உள்ள உலக அஞ்சல் ஒன்றியத்தின் படிவங்கள் இவை. அதனால் பாறசாலையிலும் பாரிசிலும் கட்டங்கள் ஒன்றுதான்.

2021 ஜனவரி 1 முதல் இன்னொரு மாற்றம். பொருள் உள்ள அஞ்சலுக்கு, இந்தப் படிவத்தில் உள்ள விவரங்கள் மின்னணு வடிவில் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும் என்பது உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதி. அதாவது பெட்டி விமானத்தில் இருக்கும்போதே தகவல் அங்கே திரையில் ஏறிவிடலாம். கவுண்ட்டரில் 'கிஃப்ட் ஐட்டம்ஸ்' என்று ஒரே வார்த்தை டைப் ஆகியிருந்தால், அந்த அதிகாரிக்குத் தெரிவதும் அந்த ஒரே வார்த்தைதான்.

படிவத்தில் என்ன எழுதணும்?

பொதுவாக நடப்பது இது. கவுண்ட்டரில் 'உள்ளே என்ன?' என்று கேட்பார்கள். 'பிள்ளைக்குக் கொஞ்சம் பலகாரம், துணி' என்பார் அம்மா. படிவத்தில் 'ஃபுட், க்ளோத்ஸ்' என்று ஏறும். 'மதிப்பு?' 'வீட்டுல செஞ்சதுதானே, என்ன விலை போடுறது' என்று 100 ரூபாய் எழுதுவார்கள். நிறுத்தி வைக்க இவ்வளவு போதும். என்ன உணவு என்று தெரியாது, 100 ரூபாய்க்குச் சேலை கிடைக்காது, மூன்று கிலோ பெட்டிக்கு 100 ரூபாய் பொருந்தாது.

அதே பெட்டிக்குச் சரியான வடிவம் இது:

- கைத்தறிப் பருத்திச் சேலை, 1, 600 கிராம், ரூ.2,500
- வறுத்த நேந்திரங்காய் சிப்ஸ், கடை பாக்கெட், 2, மொத்தம் 1 கிலோ, ரூ.400
- பயறு மாவு இனிப்பு, வீட்டுத் தயாரிப்பு, பால் சேர்க்காதது, 500 கிராம், ரூ.300
- மாங்காய் ஊறுகாய், சீல் வைத்த பாட்டில், 1, 500 கிராம், ரூ.300
- மொத்தம் ரூ.3,500

இதை ஆங்கிலத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கவுண்ட்டரில் காட்டினால் போதும்.

கூடவே ஆறு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, பெயர். ஊரில் நாம் 'ஆர். செல்வன்' என்று இனிஷியலோடு எழுதுவோம். உங்கள் பாஸ்போர்ட்டிலும் உள்ளூர் அடையாள அட்டையிலும் அப்பா பெயர் கடைசிப் பெயராக விரிந்து நிற்கும். சுங்கம் அடையாளம் கேட்டால் ஒத்துப்பார்ப்பது அந்த அட்டையோடுதான். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

இரண்டு, போன் நம்பர். நீங்கள் இருக்கும் நாட்டின் எண்ணும் மின்னஞ்சலும் வேண்டும். இந்திய எண்ணைக் கொடுத்தால், வரி கட்டச் சொல்லும் மெசேஜ் நெய்யாற்றின்கரையில் அணைத்து வைத்த சிம்முக்குப் போகும்.

மூன்று, மதிப்பு. வீட்டில் செய்தது என்றாலும் சும்மா இல்லை. அதே பொருளைக் கடையில் வாங்கினால் என்ன விலையோ அதை எழுத வேண்டும். குறைத்து எழுதினால் இரண்டு பக்கமும் அடி. அங்கே அதிகாரி தானே ஒரு மதிப்பைப் போடலாம். பார்சல் தொலைந்தால் இழப்பீடும் நீங்கள் எழுதிய அந்தச் சின்னத் தொகையோடு நின்றுவிடும்.

நான்கு, வகை. அன்பளிப்பு, விற்பனைப் பொருள், ஆவணம், வணிக மாதிரி, திரும்பி வந்த பொருள், மற்றவை என்று கட்டங்கள் இருக்கும். ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குக் காசு வாங்காமல் அனுப்புவதுதான் அன்பளிப்பு. ஊர்க் கடையில் நீங்கள் ஆன்லைனில் பணம் கட்டி வாங்கியது, உங்கள் பிறந்த நாளுக்கே வந்தாலும், விற்பனைப் பொருள்தான். வீட்டில் விட்டுவந்த உங்கள் பழைய துணி, புத்தகங்கள் என்றால் 'மற்றவை', பயன்படுத்திய சொந்தப் பொருள் என்று எழுதலாம்.

ஐந்து, எச்எஸ் கோடு. உலகம் முழுக்கப் பொருள்களை வகை பிரிக்கும் ஆறு இலக்க எண் இது. வீட்டுப் பார்சலுக்குப் பல நேரம் கவுண்ட்டரிலேயே பார்த்துப் போடுவார்கள். முன்கூட்டியே தேடி வைத்திருந்தால் 'துணி' என்பதற்கும் 'பருத்திச் சேலை' என்பதற்கும் குழப்பம் வராது.

ஆறு, பார்சலைக் கொடுக்க முடியாமல் போனால் என்ன செய்வது என்ற கட்டம். அனுப்புநருக்குத் திருப்பி அனுப்பணுமா, கைவிட்டுவிடலாமா என்று கேட்கும். திரும்பி வருவதற்கும் செலவு உண்டு. 700 ரூபாய்ப் பலகாரத்துக்கு அது தேவையா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியில் அனுப்புபவர் கையெழுத்து. விவரங்கள் சரி, ஆபத்தான பொருள் எதுவும் இல்லை என்பதற்கான உறுதிமொழி அது. அம்மா படிக்காமல் கையெழுத்துப் போட்டாலும் அது உறுதிமொழிதான்.

எவ்வளவு வரை வரி இல்லை?

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோடு இருக்கிறது. மது, புகையிலைக்கு இந்தச் சலுகை பொதுவாகப் பொருந்தாது.

- ஐக்கிய அரபு அமீரகம்: துபாயில் 2023 முதல் 300 திர்ஹம். முன்பு 1,000 இருந்தது. தாண்டினால் 5% சுங்க வரி, அதற்கு மேல் 5% வாட்.
- சிங்கப்பூர்: அஞ்சலிலோ விமானத்திலோ வரும் பொருளுக்கு 400 சிங்கப்பூர் டாலர். அனுப்பும் செலவும் காப்பீடும் இதில் சேரும். தாண்டினால் 9% ஜிஎஸ்டி.
- பிரிட்டன்: அன்பளிப்புக்கு 39 பவுண்டு. தாண்டினால் 20% வாட். சுங்க வரி 135 பவுண்டுக்கு மேல்தான்.
- ஐரோப்பிய ஒன்றியம்: தனிநபர் அன்பளிப்புக்கு 45 யூரோ. கடையில் வாங்கியதற்கு வாட் விலக்கு 2021 ஜூலை 1-லேயே போய்விட்டது.
- கனடா: அன்பளிப்புக்கு 60 கனடா டாலர். தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும் வரி.
- அமெரிக்கா: அன்பளிப்புக்கு 100 டாலர்.
- ஆஸ்திரேலியா: 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரை எல்லையில் வரி இல்லை. ஆனால் உணவு, தாவரச் சோதனை மிகக் கடுமை.

மேலே போட்ட 3,500 ரூபாய்ப் பார்சலை இதில் வைத்துப் பாருங்கள். கணக்குக்காக ஒரு பவுண்டு 115 ரூபாய், யூரோ 100, கனடா டாலர் 63, திர்ஹம் 24 என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டன் கோடு ரூ.4,485. ஐரோப்பா ரூ.4,500. கனடா ரூ.3,780. அமீரகம் ரூ.7,200. நான்கிலும் பார்சல் உள்ளேதான். இப்போது சேலை மட்டும் ரூ.5,000 கசவுச் சேலை என்று மாறட்டும். மொத்தம் ரூ.6,000. அமீரகத்தில் இன்னும் கோட்டுக்குள்தான், ஆனால் அங்கே அனுப்பும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளி குறையும். பிரிட்டன், ஐரோப்பா, கனடா மூன்றிலும் கோடு தாண்டிவிட்டது.

தாண்டினால் எவ்வளவு வரும்? துபாய்க்கு வந்த பார்சலின் மதிப்பு, அனுப்பும் செலவோடு சேர்த்து 400 திர்ஹம் என்றால் சுங்க வரி 20. பிறகு 420-க்கு 5% வாட், அது 21. மொத்தம் 41 திர்ஹம். வாட் கணக்கிடுவது வரி சேர்ந்த தொகைக்கு என்பதைக் கவனியுங்கள். இதற்கு மேல், வரியை வசூலித்துக் கொடுத்ததற்காக அஞ்சல் துறையோ கூரியர் நிறுவனமோ தனியாக ஒரு கட்டணம் போடும். சின்னப் பார்சலில் வரியைவிட இந்தக் கட்டணம் பெரிதாக இருப்பதும் உண்டு. அப்போ சேலையைத் தனியாகவும் பலகாரத்தைத் தனியாகவும் அனுப்பலாமா? உண்மையாகவே வேறு வேறு நாளில், வேறு வேறு தேவைக்கு அனுப்பினால் தப்பில்லை. ஒரே நாளில் மூன்றாகப் பிரித்து அனுப்பினால், மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து மதிப்பிட அதிகாரிக்கு இடம் கிடைக்கும்.

இந்தக் கோடுகள் நகரும் என்பதற்கு 2025 நல்ல உதாரணம். 800 டாலர் வரை இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்பது தெளிவாகாததால் இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பொருள் அஞ்சலை நிறுத்தி வைத்தது. அக்டோபர் 15-ல்தான் சேவை மீண்டும் தொடங்கியது. அப்போது இந்தியாவில் புக் செய்யும்போதே, அறிவித்த மதிப்பில் 50% வரியை முன்கூட்டியே வாங்கும் முறை வந்தது. அந்த ஆண்டு ஓணம் செப்டம்பர் 5. அமெரிக்காவுக்கு ஓணக்கோடி அனுப்ப நினைத்தவர்களுக்குத் தபால் வழி அடைத்துப் போனது இப்படித்தான். அதனால் புக் செய்யும் நாளில் உங்கள் நாட்டுச் சுங்க இணையதளத்தை ஒருமுறை பாருங்கள். போன தீபாவளிக்கு இருந்த விதி இந்தத் தீபாவளிக்கு இருக்கணும் என்று இல்லை.

வரியைவிடப் பெரிய சிக்கல்: அனுப்பவே கூடாதவை

வரி விழுந்தால் பணம்தான் போகும். இந்தப் பட்டியலில் தவறினால் பொருள் போகும். சில நாடுகளில் வழக்கே வரும்.

கசகசா: நம் ஊர் மளிகைக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் அது அபின் செடியின் விதை. அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தடை. தனியாக அனுப்பாவிட்டாலும் குருமாப் பொடி, வீட்டில் அரைத்த மசாலாவில் கலந்திருக்கலாம். அம்மாவிடம் இதை மட்டும் தனியாக ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வெற்றிலை, பாக்குப் பொருட்கள்: துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் உள்ளவை. கல்யாணத் தாம்பூலப் பையை அப்படியே பார்சலில் போடுவது நமக்குப் பழக்கம். பிரித்துப் பாருங்கள்.

மருந்து: டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, பிரிகாபலின், சில தூக்க மாத்திரைகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. இந்திய டாக்டர் சீட்டு மட்டும் போதாது, அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதி வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடவே கூடாது.

அரிஷ்டம்: பிரசவம் முடிந்தவர்களுக்குத் தசமூலாரிஷ்டம் அனுப்புவது தென் கேரளத்தில் சாதாரணம். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்க வைத்துச் செய்பவை. அதனால் தானாகவே ஆல்கஹால் உருவாகியிருக்கும், லேபிளிலேயே அளவு போட்டிருப்பார்கள். மதுவுக்குத் தடை உள்ள நாட்டுக்கு அனுப்பினால் அது மருந்தாகப் பார்க்கப்படாது.

நெய், பால்கோவா, கருவாடு, இறைச்சி ஊறுகாய்: பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து தனிநபர் பார்சலில் பால், இறைச்சிப் பொருட்களை அனுமதிப்பதில்லை. காரணம் கால்நடை நோய். முந்திரிக்கொத்தை எண்ணெயில் பொரித்திருந்தால் ஒரு கதை, நெய் சேர்த்திருந்தால் வேறு கதை. மீனுக்குத் தனி விதிகள் உண்டு, ஆனால் வாடையும் கசிவும் போதும், மொத்தப் பெட்டியையும் திறக்க.

கறிவேப்பிலை: அமெரிக்காவுக்குப் பச்சையாக அனுப்பக் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அவர்கள் பயப்படுவது அந்த இலைக்கு இல்லை, அதில் ஒட்டி வரும் பூச்சிக்கு.

கொப்பரை: இது சுங்கத்தின் பிரச்சினை இல்லை, விமானத்தின் பிரச்சினை. எண்ணெய் நிறைந்த காய்ந்த தேங்காய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. ஐநா ஆபத்துப் பொருள் பட்டியலில் அதற்கு எண் 1363. பவர் பேங்க், சென்ட் பாட்டில், ஸ்பிரே ஆகியவையும் இதே வரிசையில்தான்.

'வர்றவங்க கையில கொடுத்து விடலாமே?'

நம் ஊரில் அஞ்சலைவிடப் பழைய வழி இது. பக்கத்து வீட்டுப் பையன் லீவு முடிந்து திரும்புகிறான், அவன் பெட்டியில் இரண்டு கிலோ இடம் இருக்கிறது. செலவு இல்லை, மூன்று நாளில் கிடைக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பெட்டியில் உள்ள எல்லாமே அவனுடையது. நீங்கள் கேட்ட மாத்திரையோ, மசாலாவில் கலந்த கசகசாவோ பிடிபட்டால் நிற்கப்போவது அவன்தான்.

அதனால் ஒரு மரியாதை வைத்துக்கொள்ளலாம். ஒட்டாமல் திறந்தபடி கொடுங்கள். உள்ளே இருப்பதைப் பட்டியலாக எழுதிக் கொடுங்கள். அவர் முன்னாலேயே பொட்டலம் கட்டுங்கள். நீங்கள் எடுத்துப் போகும் இடத்தில் இருந்தாலும் இதையே கேளுங்கள். 'எங்க மேல நம்பிக்கை இல்லையா?' என்று யாராவது கோபப்பட்டால், அந்தப் பொட்டலத்தை வாங்காமல் விடுவதே நல்லது.

பார்சல் நின்றுவிட்டது. இப்போ என்ன பண்ணணும்?

முதலில் டிராக்கிங் வரியைச் சரியாகப் படியுங்கள். 'சுங்கத்துக்குக் கொடுக்கப்பட்டது' என்றால் எல்லாப் பார்சலும் கடந்து போகும் கட்டம், காத்திருங்கள். 'நிறுத்தி வைக்கப்பட்டது' என்றால் ஏதோ கேட்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உள்ளே என்ன, எவ்வளவு மதிப்பு, நீங்கள் யார்.

உள்ளடக்கம் என்றால் பொருளின் புகைப்படமும் பட்டியலும் அனுப்புங்கள். இதற்காகவே பெட்டியை மூடுமுன் ஒரு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மதிப்பு என்றால் கடை ரசீது. பாலராமபுரத்தில் சேலை எடுத்தால் பில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அதை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பினால் போதும். அடையாளம் என்றால் பாஸ்போர்ட் அல்லது உள்ளூர் அட்டையின் நகல்.

கூரியரில் வந்திருந்தால், அந்த நிறுவனமே உங்கள் சார்பில் சுங்க வேலையைப் பார்க்கும். வேகமாக நடக்கும், கட்டணம் கூடும். அஞ்சலில் வந்திருந்தால் உள்ளூர் அஞ்சல் துறையிடமிருந்து கடிதமோ மெசேஜோ வரும். வரி தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால், கட்டுவதற்கு முன்பே அந்த நாட்டில் மறுபரிசீலனை கேட்கும் முறை என்ன என்று பாருங்கள். சில நாடுகளில் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கலாம். எதுவாக இருந்தாலும் கெடு தேதியைத் தவறவிடாதீர்கள். அது முடிந்தால் பார்சல் திரும்பிவிடும், இல்லை அழிக்கப்படும். இதில் உணவுப் பொருள் அதுவரை காத்திருக்காது.

'வரி கட்டுங்க' என்று லிங்க் வந்தால்?

பார்சல் வரும் நேரத்தில் வரும் போலி மெசேஜ்கள்தான் அதிகம் ஏமாற்றும், ஏனென்றால் நீங்கள் உண்மையிலேயே ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். லிங்க்கைத் தொடாமல், அஞ்சல் துறையின் தளத்தை நீங்களே திறந்து உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அஞ்சல் டிராக்கிங் எண்ணுக்கு ஒரு உள் சோதனையும் இருக்கிறது. முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து. இந்தியாவுக்கு 'ஐஎன்'. ஒன்பதாவது இலக்கம், முதல் எட்டையும் சரிபார்க்க வைத்தது. உதாரணமாக 123456785. முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 204. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. 11-லிருந்து 6-ஐக் கழித்தால் 5. கடைசி இலக்கமும் 5. பொருந்தாத எண்ணோடு வந்த மெசேஜை அங்கேயே விட்டுவிடலாம். பொருந்தினாலும் மெசேஜ் உண்மை என்று அர்த்தமில்லை, எண் உண்மை போல இருக்கிறது என்று மட்டும்தான்.

ஊரில் இருப்பவர்களுக்கு வருவது வேறு மாதிரி. 'உங்க மகன் பேருக்குப் போன பார்சல்ல போதைப்பொருள் பிடிச்சிருக்கோம், வீடியோ காலை கட் பண்ணாதீங்க' என்று சீருடையில் ஒருவர் பேசுவார். இந்தியச் சுங்கத் துறை போனில் மிரட்டித் தனிப்பட்ட கணக்கில் பணம் போடச் சொல்லாது. 2019 நவம்பர் 8 முதல் அதன் அதிகாரப்பூர்வக் கடிதங்களில் 'டின்' என்ற ஆவண அடையாள எண் இருக்கும். அந்த எண்ணை மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். இந்தப் பத்தியை மட்டுமாவது அப்பா அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். 'அப்படி யாராச்சும் கூப்பிட்டா போனை வெச்சிட்டு எனக்குக் கூப்பிடுங்க' என்று சொல்லி வையுங்கள்.

அடுத்த பார்சலுக்கு முன், ஒரு பத்து நிமிஷம்

வீட்டுக்கு அனுப்ப ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், முழு முகவரி, உள்ளூர் போன் எண், மின்னஞ்சல், பொருள் வாரியாக ஆங்கிலப் பட்டியல், எடை, உண்மையான விலை, 'அன்பளிப்பு' கட்டத்தில் டிக், திரும்ப வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு, அனுப்பக்கூடாதவை நாலு வரி. பெட்டி மூடுமுன் ஒரு போட்டோ, ரசீதுக்கு ஒரு போட்டோ, புக் செய்த சீட்டுக்கு ஒரு போட்டோ என்று கேட்டு வாங்குங்கள்.

தனுவச்சபுரத்திலிருந்தோ உதியன்குளங்கரையிலிருந்தோ பஸ் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போகிறவர் அம்மா. பலகாரம் செய்வது, கட்டுவது, சுமப்பது எல்லாம் அவர் வேலையாகிவிட்டது. அந்தத் தாளையாவது நீங்கள் எழுதிக் கொடுங்கள்.